மாப் ஒன்று குறைகிறது, டாக்டர் மூடச் சொல்கிறார்

கேள்வி: காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எட்டு மாதமாக தியேட்டர் நர்ஸாக இருக்கிறேன். போன வாரம் ஒரு சிசேரியனில், வயிற்றுக்குள் ரத்தம் ஒற்ற வைக்கும் துணியான மாப் ஒன்று எண்ணிக்கையில் குறைந்தது. 'நீ தப்பா எண்ணியிருப்பே, தையலைக் கொடு' என்றார் டாக்டர். கடைசியில் அது, பயன்படுத்திய மாப்பைப் போடும் கிக் பக்கெட்டுக்குப் பின்னால் கிடந்தது. இனி இப்படி நடந்தால் எப்படிச் சொல்வது?

பதில்: முதலில் ஒன்று. நீங்கள் அதிகப்பிரசங்கித்தனம் எதுவும் செய்யவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உண்டு. கருவி, மாப், ஊசி எண்ணிக்கை சரி என்று வாய்விட்டுச் சொல்வது அதில் நர்ஸின் பொறுப்பு.

சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "சார், ஒரு மாப் குறையுது. மூட வேண்டாம்." 'குறையுற மாதிரி இருக்கு' என்று இழுத்தால் போச்சு. பதினைந்து வைத்தோம், பதினான்கு இருக்கிறது என்று எண்ணைச் சொல்லுங்கள்; எண்ணோடு யாரும் அவ்வளவு சுலபமாக வாதாட முடியாது.

அந்த எண்ணை நம்ப வேண்டுமானால் எண்ணும் முறை ஒழுங்காக இருக்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் விசேஷத்துக்குப் பாத்திரம் எடுத்தால், ஒருவர் எண்ணிச் சொல்ல இன்னொருவர் குறித்துக்கொள்வார். தியேட்டரிலும் அதேதான். டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ் ஒவ்வொரு மாப்பையும் பிரித்துக் காட்டிச் சத்தமாக எண்ண, டேபிளுக்கு வெளியே நின்று உதவும் சர்க்குலேட்டிங் நர்ஸ் பார்த்துப் போர்டில் எழுத வேண்டும். தொடங்கும் முன், கர்ப்பப்பையை மூடும் முன், வயிற்றை மூடும் முன், தோல் தைக்கும் முன் என்று எண்ணுங்கள். நடுவில் ஆள் மாறினாலும் எண்ணுங்கள். ஐந்து இருக்க வேண்டிய பாக்கெட்டில் நான்கோ ஆறோ இருந்தால் அந்தப் பாக்கெட்டே வேண்டாம், ஒதுக்கிவிடுங்கள். வயிற்றுக்குள் போகிற மாப் எதையும் வெட்டாதீர்கள். எக்ஸ்ரேயில் தெரியும் நூல் இல்லாத மாப் உள்ளேயே போகக் கூடாது.

அப்புறம், 'கணக்கு சரியா?' என்று கேட்காதீர்கள், 'எத்தனை?' என்று கேளுங்கள். முன்னதற்குத் தூக்கக் கலக்கத்தில்கூட 'சரி' என்றே பதில் வரும். நோயாளியிடமும் இதே கதைதான். பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி பெயரை வைக்கிற ஊர் இது. ஒரே வார்டில் இரண்டு வள்ளியம்மை ஆச்சி படுத்திருப்பார்கள். "நீங்கதானே வள்ளியம்மை ஆச்சி?" என்றால் காது மந்தமான ஆச்சி எதற்கும் தலையாட்டுவார். "ஆச்சி, உங்க பேர் என்ன? எந்தக் கண்ணுக்கு ஆபரேஷன்?" என்று அவரையே சொல்லவிட்டு, கைப்பட்டையோடும் கேஸ் ஷீட்டோடும் சரிபாருங்கள்.

சரி, குறைகிறது. எங்கே தேடுவது? டாக்டர் வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்க்கட்டும். நீங்கள் விரிப்பு மடிப்பு, பக்கெட், நஞ்சுக்கொடி வைத்த பாத்திரம், தரை, செருப்படி எல்லாம் பாருங்கள். குழந்தையைச் சுற்றிய துணியையும் விடாதீர்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு மாப் குழந்தையோடு வார்டுக்கே போய்விட்டது! அதனால்தான் கேஸ் முடியும்வரை குப்பைப் பை வெளியே போகக் கூடாது என்பது.

இவ்வளவுக்கும் கிடைக்கவில்லையென்றால், தாயின் நிலை தாங்கும்பட்சத்தில் டேபிளிலேயே எக்ஸ்ரே. ரத்தப்போக்கு, பிரஷர் என்று அவசரமாக மூடியே ஆக வேண்டிய நேரமும் வரும். அப்போது எத்தனை குறைந்தது, யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்பதைக் கேஸ் ஷீட்டில் உடனே எழுதுங்கள். தாய் நிலைப்பட்டதும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதி, டாக்டரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.