பந்து காலுக்கு வருவதற்கு முன்னால்: கால்பந்து கேள்விகளுக்கு ஒரு பி.டி. மாஸ்டரின் பதில்கள்

கேள்வி: 2022 உலகக் கோப்பை காலிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக மெஸ்ஸி மோலினாவுக்குக் கொடுத்த பாஸை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இதெல்லாம் பிறவியிலேயே வருவது, அறிவியலுக்கு இதில் வேலை இல்லை என்கிறான் என் நண்பன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் சார்?
(கல்லூரி மாணவர், வியாசர்பாடி)

தம்பி, அந்த பாஸை நானும் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். டிசம்பர் 9, லுசைல் மைதானம், 35-ஆவது நிமிடம். மெஸ்ஸி வலப்பக்கத்திலிருந்து பந்தை உருட்டிக்கொண்டு நடுவை நோக்கிக் குறுக்கே வருகிறார். நெதர்லாந்து டிஃபெண்டர் நேதன் ஆகே அவரை ஒட்டியே ஓடுகிறார். மெஸ்ஸியின் உடம்பும் முகமும் இடப்பக்கம் போகின்றன. பந்து மட்டும் அவருடைய இடது காலிலிருந்து மறுபக்கமாக, டிஃபெண்டர்களுக்கு நடுவே கிடைத்த ஒரு சந்தில் நுழைந்து போகிறது. ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர் நவேல் மோலினா அங்கே ஓடி வந்து தட்டிவிடுகிறார். அர்ஜென்டினா சட்டையில் மோலினாவுக்கு அதுதான் முதல் கோல்.

பாஸ் கொடுத்த நொடியில் தலை திரும்பவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தகவல் அந்த நொடியில்தான் கண்ணுக்குள் வரவேண்டும் என்று என்ன கட்டாயம்? உன் கையை முன்னால் நீட்டிக் கட்டை விரலைப் பார். நம் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் பகுதி ஏறக்குறைய அந்த விரலின் அகலம்தான். மற்றதெல்லாம் மங்கல். ஆனால் அந்த மங்கல் பகுதிக்கு ஒரு தனித் திறமை உண்டு. எழுத்தைப் படிக்க முடியாது, முகத்தை அடையாளம் காண முடியாது, ஆனால் அசைவைப் பிடித்துவிடும். ஓரக்கண்ணில் ஒரு வெள்ளை நீலச் சட்டை முன்னால் நகர்வது மெஸ்ஸிக்குப் போதும். அது யார் என்று பார்க்கத் தேவையில்லை. அந்தப் பக்கம் அந்த நேரத்தில் யார் வருவார் என்று ஆட்டம் தொடங்கியதிலிருந்தே அவருக்குத் தெரியும்.

இதை அளந்து பார்த்தவர் நார்வே விளையாட்டு அறிவியல் ஆய்வாளர் கெயிர் யோர்டெட். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டக்காரர்கள் 118 பேரைத் தனித்தனியாகக் கேமராவில் பின்தொடர்ந்தார். பந்து காலுக்கு வருவதற்கு முந்தைய சில நொடிகளில் ஒவ்வொருவரும் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கிறார்கள் என்று எண்ணினார். அடிக்கடி பார்த்தவர்களின் பாஸ்கள் கூடுதலாகச் சரியான காலுக்குப் போயின. அந்தக் கணக்கில் மேலே நின்றவர் ஃபிராங்க் லாம்பார்ட். நொடிக்கு 0.62 முறை, அதாவது பத்து நொடியில் ஆறு தடவை. நல்ல ஆட்டக்காரராக இருப்பதால் அதிகம் பார்க்கிறாரா, அதிகம் பார்ப்பதால் நல்ல ஆட்டக்காரர் ஆனாரா என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்ணிப் பார்ப்பதை மட்டும் வைத்து அதற்கு விடை சொல்லிவிட முடியாது. ஆனால் பார்க்காதவன் கொடுக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மைதானத்தில் மற்றவர்கள் ஓடும்போது மெஸ்ஸி நடந்துகொண்டிருப்பார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் அவருடைய கழுத்தை மட்டும் பார்.

இப்போது பிறவிக்கு வருவோம். 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சதுரங்கக்காரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நடந்துகொண்டிருக்கும் ஒரு ஆட்டத்தின் பலகையைச் சில நொடிகள் காட்டி, மறைத்து, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் கிட்டத்தட்ட அப்படியே அடுக்கினார், புதியவர் தடுமாறினார். பிறகு காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டினார்கள். தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் வித்தியாசம் அநேகமாக மறைந்துபோனது. தேர்ந்தவருடைய நினைவாற்றல் பொதுவாகப் பெரிது என்றால் கலைந்த பலகையிலும் ஜெயித்திருக்க வேண்டுமே! அவர் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் பார்த்துப் பழகிய அமைப்புகளைத்தான் அடையாளம் கண்டார். கால்பந்திலும் பின்னால் இதே மாதிரி சோதனைகளைச் செய்து இதே மாதிரி முடிவைக் கண்டார்கள். மெஸ்ஸியின் கால் வேகத்திலும் உடல் சமநிலையிலும் பிறவிக்குப் பங்கு இருக்கலாம். அந்தச் சந்து தெரிந்ததே, அது கற்றது.

சந்து என்று சொன்னதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 'அஃபார்டன்ஸ்' என்று ஒரு சொல்லை உருவாக்கினார். ஒரு சூழல் ஒரு உயிருக்கு எதைச் செய்யக் கொடுக்கிறதோ அது. ஒரே மதில் பூனைக்கு ஏறும் இடம், எனக்குச் சாயும் இடம். ஆகேவின் பின்னால் இருந்த அந்த இடைவெளி என் காலுக்கு இடைவெளியே இல்லை. அந்த வேகத்தில், அந்தக் கோணத்தில் என்னால் பந்தை அனுப்ப முடியாது, அதனால் என் கண்ணுக்கு அது ஒரு வழியாகவே தெரிந்திருக்காது. கால் எதைச் செய்யுமோ அதைத்தான் கண் தேடும்.

அது மட்டுமல்ல, ஓட ஆரம்பித்தபோது அந்த இடைவெளி அங்கே இல்லை. மெஸ்ஸி குறுக்கே ஓடியதால் ஆகே இழுபட்டார், மற்ற டிஃபெண்டர்களின் கண் பந்தின் மேல் போனது, மோலினாவுக்கு வழி பிறந்தது. பழைய பாடப்புத்தகங்கள் முதலில் பார்த்தல், பிறகு யோசித்தல், பிறகு கட்டளை, பிறகு கால் என்று வரிசையாகப் படம் போட்டுக் காட்டும். நானும் தேர்வுக்கு அதைத்தான் எழுதினேன். ஆனால் கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடல் பதில் கொடுக்கவே சுமார் 0.2 நொடி ஆகும். நொடிக்கு 7 மீட்டர் ஓடும் டிஃபெண்டர் அதற்குள் ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பார். நின்று யோசித்து முடிவெடுத்தால் முடிவு வரும்போது சந்து மூடியிருக்கும். ஓட்டமே பார்ப்பதன் பகுதி, பார்ப்பதே முடிவின் பகுதி. கிப்சன் வழியில் வந்த ஆய்வாளர்கள் இதைத்தான் சொல்கிறார்கள், மைதானத்தில் நின்ற அனுபவத்தில் நான் அவர்கள் பக்கம்.

கேள்வி: நெய்மாரின் மூளை மற்றவர்களைவிடக் குறைவாக வேலை செய்கிறதாம், அதனால்தான் அவர் சிறந்த வீரராம். வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
(வாசகர், திருச்சி)

பாதி உண்மை. ஜப்பானிய ஆய்வாளர் எய்இச்சி நைட்டோ தன் சக ஆய்வாளருடன் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்துக் கணுக்காலைச் சுழற்றச் சொன்னார்கள். பாதத்தை இயக்கும் மூளைப் பகுதியில், நெய்மாருக்குத் தெரிந்த செயல்பாடு மற்ற வீரர்களைவிடச் சிறியதாக இருந்தது. நன்றாகப் பழகிய அசைவுக்கு மூளை குறைவாகச் செலவழிக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். சோதிக்கப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். தவிர, அந்த இயந்திரத்துக்குள் பந்தும் இல்லை, எதிராளியும் இல்லை. ஆட்டத்தில் அவர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

கேள்வி: எங்கள் ஊர் டீமுக்கு நான் கோல் கீப்பர். பெனால்டியில் அடிப்பவரின் கண்ணைப் பார் என்கிறார்கள் சிலர், பந்தை மட்டும் பார் என்கிறார்கள் சிலர். எதைப் பார்ப்பது?
(வாசகர், தூத்தூர்)

காலைப் பாருங்கள், இரண்டு காலையும். 11 மீட்டர் தூரத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து 0.4 நொடியில் கோட்டைத் தாண்டிவிடும். பந்து கிளம்பிய பிறகு பார்த்துப் பாய நேரமில்லை, அடிக்கும் முன்பே துப்பு வேண்டும். நெதர்லாந்தில் ஹெர்ட் சாவெல்ஸ்பெர்க் குழு கீப்பர்களின் கண் எங்கே போகிறது என்று பதிவுசெய்து 2002-இல் எழுதியது. அனுபவமில்லாதவர்கள் அடிப்பவரின் மார்பு, கை, இடுப்பு என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்ந்தவர்கள் அடிக்கும் கால், ஊன்றும் கால், பந்து இருக்கும் இடம் ஆகியவற்றைப் பார்த்தார்கள். கண்ணும் தோளும் பொய் சொல்லும். ஊன்றிய பாதத்தை கடைசி நொடியில் மாற்றுவது கஷ்டம்.

கூடவே ஒன்று. இஸ்ரேலின் மைக்கேல் பார்-எலி குழு 286 பெனால்டிகளை ஆராய்ந்தது. கீப்பர்கள் நடுவில் நின்றது 6.3 சதவீதம்தான். பந்து நடுவில் வந்ததோ 28.7 சதவீதம்! நின்றுகொண்டே கோல் வாங்கினால் ஊர் ஏசும் என்ற பயம் கீப்பரைப் பாயவைக்கிறது என்பது அவர்கள் விளக்கம். கடற்கரை மணலில் ஊரே சுற்றி நிற்க ஆடும் உங்களுக்கு அந்தப் பயம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவ்வப்போது நில்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. வீட்டு முற்றத்தில் கோன்களை வைத்துப் பந்தை ஓட்டினால் பையன்கள்கூட அவள் வேகத்துக்கு வரமாட்டார்கள். மேட்ச்சில் இரண்டாவது ஆள் வந்தவுடன் பந்தை இழக்கிறாள். "கால் இருக்கு, புத்தி இல்லை" என்று கோச் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பயிற்சிக்குப் போகவே தயங்குகிறாள். என்ன செய்யட்டும்?
(ஒரு தாய், மதுரை)

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. புத்தி இல்லை என்பது பொய். அவளுக்குக் கற்றுக்கொடுத்தது கோனைத் தாண்ட. அதை அவள் அருமையாகக் கற்றிருக்கிறாள். கோன் நகராது, காலை நீட்டாது, ஏமாறாது. அதைத் தாண்ட நிமிர்ந்து பார்க்கவே தேவையில்லை. அவள் கண் பந்தின் மேலேயே இருப்பதற்கு நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

நாம் என்றுதான் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன், அதில் முதல் 15 ஆண்டுகள் நானும் காலை ஆறு மணிக்குக் கோன் அடுக்கியவன். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கோன்களுக்கு நடுவே அவன் பந்தை ஓட்டுவதைப் பார்க்க மற்ற ஆசிரியர்களே வருவார்கள். மாவட்டப் போட்டியில் முதல் பாதி முழுக்கப் பந்தை இழந்தான். இடைவேளையில் நான் திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சார், ஆளுங்க எங்கேருந்து வர்றாங்கன்னே தெரியல" என்றான். அந்தப் பதிலுக்கு என்ன பொருள் என்று எனக்குப் புரிய இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவன் விளையாட்டை விட்டுவிட்டான்.

நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்று ஒரு சோவியத் விஞ்ஞானி. 1920-களில் மாஸ்கோவில், சுத்தியலால் உளியை அடிக்கும் கைதேர்ந்த தொழிலாளர்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். அடி ஒவ்வொன்றும் சரியான இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு வேறு விதமாக அசைந்தன. தேர்ச்சி என்பது ஒரே அசைவை அச்சு மாதிரி திரும்பச் செய்வதல்ல, ஒரே சிக்கலை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்ப்பது என்று அவர் எழுதினார். கோன் பயிற்சியில் அச்சு இருக்கிறது, சிக்கல் இல்லை.

அதனால் சிக்கலை உள்ளே கொண்டுவாருங்கள். கார்ல் நியூவெல் என்ற ஆய்வாளர் 1986-இல் சொன்ன வழி இதற்கு உதவும். ஆடுபவர், சூழல், செய்ய வேண்டிய வேலை ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றை மாற்றினால் அசைவு தானாக மாறும், வாயால் திருத்த வேண்டியதில்லை என்பது அதன் சாரம். முற்றத்தில் கோனை எடுத்துவிட்டு நீங்களோ தம்பியோ நில்லுங்கள். கால்பந்து தெரியவேண்டியதில்லை. நீங்கள் குறுக்கே வருவதே போதும், அவள் நிமிர்ந்தாக வேண்டும். அவள் பந்தை ஓட்டும்போது விரல்களைத் தூக்கிக் காட்டுங்கள், எத்தனை என்று சொல்லிக்கொண்டே ஓட்டட்டும். தெருப் பிள்ளைகள் கிடைத்தால் சின்ன இடத்தில் மூன்றுக்கு மூன்று ஆடவிடுங்கள். 11 பேர் ஆட்டத்தைவிட அதில் பந்து அடிக்கடி காலுக்கு வரும், எதிராளி எப்போதும் பக்கத்தில் இருப்பார். இரண்டு தடவைக்கு மேல் பந்தைத் தொடக் கூடாது என்று விதி வையுங்கள். பந்து வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது, அவள் முன்னாடியே சுற்றிப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். சுற்றிப் பார் என்று கத்தினால் தலை மட்டும் ஆடும், கண் எதையும் பிடிக்காது. நான் கத்திப் பார்த்தவன்.

முதல் சில வாரங்கள் முன்பைவிட மோசமாக ஆடுவது போலத் தெரியும். பந்திலிருந்து கண்ணை எடுக்கும்போது பந்து நழுவத்தான் செய்யும். பயப்படாதீர்கள், நிறுத்தாதீர்கள்.

கோச்சிடம் தனியாகப் பேசுங்கள். சண்டை வேண்டாம். கோன் பயிற்சி நேரத்தில் பாதியைச் சின்ன ஆட்டத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். எல்லார் முன்னாலும் சொன்னது அவளை வருத்தியது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் நல்ல கோச் என்றால் கேட்டுக்கொள்வார்.

மேட்ச் முடிந்து வண்டியில் வீட்டுக்கு வரும்போது ஏன் பந்தை விட்டாய் என்று கேட்காதீர்கள். ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு, "பந்து உங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி யாரைப் பாத்தே?" என்று கேளுங்கள். முதல் நாள் "தெரியலம்மா" என்பாள். விடாமல் கேளுங்கள். ஒருநாள், "அந்தப் பக்கம் நம்ம பொண்ணு ஒருத்தி வந்தா, பின்னாடி அவங்க ஆளு ரெண்டு பேர்" என்று சொல்லத் தொடங்குவாள். அன்றைக்கு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.