குளூட்டனை முழுக்க நிறுத்தியும் வயிறு சரியாகவில்லை. அடுத்து எதை நிறுத்துவது?

உங்கள் கேள்வி இதுதான்: சீலியாக் நோய் (கோதுமை போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் நோய்) என்று தெரிந்து எட்டு மாதமாகக் கோதுமை, பார்லி, ரை எதையும் தொடவில்லை. ஆனாலும் உப்புசம், அவ்வப்போது வயிற்றுப்போக்கு, அசதி. அதனால் அடுத்து பால், முட்டை, சோளம் என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்கலாமா?

இப்போதைக்கு விடாதீர்கள் என்பதுதான் என் பதில். நானும் சீலியாக் உள்ளவன், டாக்டர் இல்லை. பல வருடமாக இதோடு குப்பை கொட்டுவதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தட்டில் இருப்பதைக் குறைத்துக்கொண்டே போனால் எடையும் சத்தும்தான் குறையும். எது காரணம் என்பது கடைசிவரை தெரியாது. வயிறு அடங்காமல் இருக்கும்போது செய்ய வேண்டியது காரணத்தைத் தேடுவது.

தேடல் எட்டு மாதத்துக்கு முன்னால் தொடங்க வேண்டும். உங்களுக்கு சீலியாக் என்று எப்படி முடிவு செய்தார்கள்? சீலியாக்கில் ரத்தத்தில் கூடும் டிடிஜி ஐஜிஏ எதிர்ப்பொருளும் சிறுகுடல் பயாப்சியும், இரண்டும் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே எடுக்கப்பட்டனவா? ஆம் என்றால் சந்தேகப்பட அதிகம் இல்லை. சாப்பாட்டை மாற்றிய பிறகு எடுத்திருந்தாலோ, 'நிறுத்தியதும் கொஞ்சம் தேவலை' என்பதை மட்டும் வைத்துச் சொல்லியிருந்தாலோ, அதை மறுபடி பார்க்க வேண்டும். கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை, ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகையும் இருக்கிறது. தாங்களாகவே குளூட்டனை நிறுத்தியிருந்த, சீலியாக் இல்லாதவர்களை வைத்து நார்வேயில் செய்த ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. அதில் உப்புசத்தைக் கிளப்பியது குளூட்டனைவிட ஃப்ரக்டான்தான். அது வெங்காயத்திலும் பூண்டிலும்கூட உண்டு. கோதுமையை மட்டும் விட்டவருக்குப் பாதி நிவாரணமே கிடைப்பதில் ஆச்சரியம் என்ன?

பயாப்சியில் குடல் உறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சும், விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்) தேய்ந்திருந்தால் அது சீலியாக்தான் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஓல்மெசார்ட்டன் என்ற மாத்திரை சிலருக்கு அச்சு அசலாக இதே சேதத்தைச் செய்யும் என்று 2012-லேயே எழுதியிருக்கிறார்கள். ஜியார்டியா கிருமியும் இந்த வேலையைச் செய்யும். குழப்பம் இருந்தால் டிக்யூ2, டிக்யூ8 மரபணுச் சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டை மாற்றியிருந்தாலும் இந்தச் சோதனையின் முடிவு மாறாது.

சரி, நோய் உறுதி என்றே வைத்துக்கொள்வோம். இன்னமும் தொல்லை இருப்பவர்களிடம் அதிகம் காணப்படும் காரணம், தெரியாமல் உள்ளே போகும் குளூட்டன். 'நான் கண்டிப்பாகத்தான் இருக்கிறேன்' என்று உங்களுக்குக் கோபம் வரலாம். அது உங்கள் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு இல்லை, அளவைப் பற்றியது. தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் போனால் குடல் உறிஞ்சிகள் சேதமாவதை 2007-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் 2 கிராமுக்கு மேல் இருக்கும். அப்படியென்றால் 50 மில்லிகிராம் என்பது ரொட்டித் தூள்தான். எல்லோரும் பயன்படுத்தும் டோஸ்டர், மாவு படிந்த மரக்கரண்டி, கோதுமைப் பண்டம் பொரித்த எண்ணெய் இதற்கெல்லாம் போதும். சோயா சாஸில் கோதுமை இருக்கும். மால்ட் என்று எழுதியிருந்தால் அது பார்லி. ஓட்ஸில் குளூட்டன் கிடையாது, ஆனால் வயலிலிருந்து ஆலைவரை கோதுமையோடு கலந்துதான் வரும். தனியாகக் கையாளப்பட்டது என்று உறை சொல்லாவிட்டால் வேண்டாம். சுத்தமான ஓட்ஸே ஒத்துக்கொள்ளாதவர்களும் கொஞ்சம் பேர் உண்டு.

என் டயட்டீஷியன் இதை விசாரித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. 'என்ன சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்கவே இல்லை. வீட்டில் இருக்கும் எல்லா உறைகளையும், மாத்திரை அட்டைகளையும், உதட்டுக்குப் போடும் களிம்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னார். மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தார். என் பையில் எதுவும் சிக்கவில்லை. அதுவே பெரிய உதவி. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் 'நீங்கள் எங்கேயோ கோட்டை விடுகிறீர்கள்' என்று சொல்ல முடியவில்லை.

டிடிஜி அளவு இறங்கிவிட்டதே, அது போதாதா? போதாது. அது நாட்கணக்கில் நடக்கும் சிறு கசிவைக் காட்டாது, குடல் ஆறிவிட்டது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சிறுநீரிலும் மலத்திலும் குளூட்டன் துணுக்குகளைத் தேடும் சோதனைகள் வந்திருக்கின்றன. கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். ஆனால் சிறுநீர்ச் சோதனை அண்மையில் சாப்பிட்டதைத்தான் பிடிக்கும்.

இன்னொன்று, எட்டு மாதம் என்பது பெரியவர்களுக்கு நீண்ட காலமே இல்லை. குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஆறும். நமக்குக் குடல் முழுக்க ஆற இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆவது சகஜம்.

இப்போது நீங்கள் நிறுத்த நினைக்கும் பாலுக்கு வருகிறேன், என் கதையும் அதுதான். பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி குடல் உறிஞ்சிகளின் நுனியில் இருக்கிறது. சீலியாக்கில் முதலில் அடிபடுவது அந்த நுனி. அதனால் குளூட்டனை விட்ட பிறகும் பால் குடித்தால் வயிறு உப்பும், கடமுடா சத்தம் போடும், ஓடும். இதை யூகிக்க வேண்டியதில்லை, மூச்சுச் சோதனை இருக்கிறது. இரவெல்லாம் பட்டினி. காலையில் லாக்டோஸ் கரைத்த தண்ணீர், லேசாக இனிக்கும். பிறகு அரை மணிக்கு ஒருமுறை ஒரு குழாயில் ஊத வேண்டும். செரிக்காத லாக்டோஸைப் பெருங்குடல் கிருமிகள் தின்று ஹைட்ரஜனை விடும், அது மூச்சில் வந்துவிடும். முதல் இரண்டு ஊதலில் என் அளவு அசையவே இல்லை. அப்புறம் வயிறு உறும ஆரம்பித்தது, எண்ணும் கிடுகிடுவென ஏறியது. பக்கத்து நாற்காலிக்காரர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானும் பாலை விட்டேன்தான், ஆனால் காரணம் தெரிந்து, ஒரு காலத்துக்கு மட்டும். தயிரும் பழைய சீஸும் ஒத்துக்கொண்டன, ஏனென்றால் அவற்றில் லாக்டோஸ் குறைவு. குடல் ஆறிய பிறகு பாலும் திரும்ப வந்தது. முட்டைக்கும் சோளத்துக்கும் இப்படி ஒரு காரணம் உங்களிடம் இருக்கிறதா?

பாலும் காரணம் இல்லையென்றால் பட்டியல் நீளும், ஆனால் எல்லாமே கண்டுபிடிக்கக்கூடியவை. குளூட்டன் இல்லாத பாக்கெட் ரொட்டிகளில் பிடிப்புக்காகச் சேர்க்கும் பிசின்களும் இனுலின் என்ற நார்ச்சத்தும் சிலருக்கு நன்றாகவே வாயுவைக் கிளப்பும். ஒரு வாரம் பாக்கெட் எதுவும் இல்லாமல் இருந்து பாருங்கள், செலவில்லாத சோதனை. சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கலாம். அதற்கும் மூச்சுச் சோதனைதான், அது இருந்தால் லாக்டோஸ் முடிவையும் குழப்பும். கணையம் நொதியைக் குறைவாகச் சுரக்கலாம், மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவு சொல்லிவிடும். தைராய்டைப் பார்த்தார்களா? தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கு என்றால் மைக்ராஸ்கோபிக் கொலைட்டிஸ் (நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் பெருங்குடல் அழற்சி) மனதில் இருக்கட்டும். கொலோனோஸ்கோபியில் குடல் பளபளவென்று நன்றாகவே தெரியும், பயாப்சி எடுத்தால்தான் மாட்டும். 'எல்லாம் நார்மல்' என்று சொன்னால் பயாப்சி எடுத்தீர்களா என்று கேளுங்கள். சீலியாக்கோடு கூடவே ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) இருப்பவர்களும் நிறைய.

நீங்கள் இணையத்தில் படித்துப் பயந்திருக்கக்கூடிய 'ரிஃப்ராக்டரி சீலியாக்', அதாவது உணவுமுறைக்கு அடங்காத சீலியாக், அரிது. கண்டிப்பான உணவுமுறையில் 6 முதல் 12 மாதம் கழித்தும் உறிஞ்சிகள் தேய்ந்தே இருந்து, மேலே சொன்ன எல்லாவற்றையும் விலக்கிய பிறகுதான் அந்தப் பெயரை வைப்பார்கள். அதில் இரண்டாம் வகை லிம்போமா என்ற புற்றுநோயாக மாறக்கூடியது என்பதால் விளையாட்டில்லை. எடை இறங்கிக்கொண்டே போவது, தூக்கத்தில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், காரணமில்லாத காய்ச்சல், குறையாத ரத்தசோகை, இதில் ஏதாவது இருந்தால் டயட்டீஷியன் தேதிக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே குடல் மருத்துவரிடம் போங்கள்.

போகும்போது முதல் எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டையும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். பயாப்சி ஸ்லைடுகளை ஆய்வகங்கள் சில வருடம் வைத்திருக்கும், கேட்டால் இன்னொரு நோயியல் நிபுணர் பார்க்கக் கொடுப்பார்கள். துண்டு சாய்வாக வெட்டப்பட்டிருந்தால் நல்ல உறிஞ்சிகூடத் தேய்ந்த மாதிரி தெரியும். சீலியாக் ஸ்லைடுகளைத் தினமும் பார்க்கும் ஒருவரிடம் அது போவது நல்லது.