நஞ்சு விழுறதுக்கு முன்னாடி கன்னுக்கு சீம்பால் குடுக்கலாமா?

மணப்பாறை பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. தலைச்சன் ஈத்து ஜெர்சி கிராஸ் மாடு, சீக்கிரமே கன்னு போடப் போகுது, நஞ்சுக்கொடி விழுற வரைக்கும் கன்னை மடியில விடக்கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க, விழுந்த கொடியை ஆலமரத்துல கட்டணுமாம், இதெல்லாம் செய்யணுமான்னு.

முதல் விஷயத்தை மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்கம்மா. தாய் வயித்துல இருக்கும்போது கன்னுக்கு நோய் எதிர்ப்பு சக்தி வந்து சேராது, சீம்பால்லதான் கிடைக்கணும், அதை உறிஞ்சிக்கிற சக்தியும் கன்னோட குடலுக்கு நேரம் ஆக ஆக குறைஞ்சு ஒரு நாள்ல கிட்டத்தட்ட நின்னே போயிடும். அதனால கன்னு விழுந்து அரை மணி, மிஞ்சிப்போனா 2 மணி நேரத்துக்குள்ள முதல் பால் உள்ள போயிடணும். 25 கிலோ கன்னுன்னா முதல் நாள்ல மொத்தம் இரண்டரை லிட்டர், பிரிச்சுப் பிரிச்சு குடுங்க. நஞ்சு விழ 8 மணி நேரம்கூட ஆகலாம், அதுவரைக்கும் பச்சைக் கன்னைப் பட்டினி போட்டா அப்புறம் கழிச்சல், நிமோனியான்னு வந்து நிக்கும். இன்னொன்னு, கன்னு ஊட்டும்போது தாய்க்கு ஆக்சிடோசின் சுரக்கும், கர்ப்பப்பையை சுருங்க வைக்கிறது அதுதான், அப்போ ஊட்டுறது கொடி விழ உதவிதானே பண்ணும்? "நஞ்சு சீக்கிரம் விழணும்னுதான் ஊட்ட விடுறேன் அத்தை"ன்னு சொல்லிப் பாருங்க. சீம்பால் அவிச்சு அக்கம்பக்கத்துக்குக் குடுக்குற வழக்கம் ரொம்ப நல்லது, ஆனா கன்னு குடிச்சு மிஞ்சினதுலதான்.

தொங்குற கொடியில கல்லு, பழைய செருப்புன்னு கட்டி விடுறவங்க இன்னும் இருக்காங்க, கையை விட்டு இழுக்குறவங்களும் உண்டு. கொடி அறுந்து மிச்சம் உள்ளயே அழுகும், சில சமயம் கர்ப்பப்பையே வெளிய தள்ளிடும். 12 மணி நேரம் தாண்டியும் விழலன்னா டாக்டரைக் கூப்பிடுங்க, இல்ல கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 நம்பருக்கு போன் போடுங்க.

ஆலமரத்துல கட்டுறதை நான் தடுக்க மாட்டேன். பால் வடியுற மரம், அதுல கட்டினா மாட்டுக்கும் பால் பெருகும்ங்குறது நம்பிக்கை. பால் அதனால பெருகாது, ஆனா வைக்கோல் வச்சு சாக்குல கட்டி உசரத்துல தொங்க விட்டா மாடு திங்காது, நாய் இழுக்காது. நஞ்சைத் தின்னுற நாய் மூலமா மாட்டுக்குக் கன்னு வீச்சு (கருச்சிதைவு) உண்டாக்குற கிருமி பரவும், அதனால இதுல உண்மையான லாபம் இருக்கு. மரம் பக்கத்துல இல்லன்னா ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைங்க.

மாடு குறைமாசத்துல கன்னு வீசிடுச்சுன்னா மட்டும் மரத்துல கட்டவே கட்டாதீங்க. அது புருசெல்லாங்குற கிருமியால வந்ததா இருக்கலாம், மனுசங்களுக்கும் ஒட்டும், வெறுங்கையால தொடாம உடனே புதைச்சிட்டு ரத்தப் பரிசோதனைக்கு டாக்டர்கிட்ட சொல்லுங்க.