என்ஜினை இறக்கைக்கு மேலே ஏற்றினால் இரைச்சல் குறையுமா?

கேள்வி: சார், என்ஜினை இறக்கைக்கு மேலே வைத்துவிட்டால் தரையில் இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்காதா?

பதில்: கேட்கும், ஆனால் குறைவாக. 2,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 17 செ.மீ. பல மீட்டர் அகலமுள்ள இறக்கை அதற்குப் பெரிய தடுப்பு. 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அலைநீளம் 3.4 மீட்டர், விளிம்பில் வளைந்து கீழே வந்துவிடும். அதனால் ‘இத்தனை டெசிபல் குறையும்’ என்று யாராவது சொன்னால், எந்த அதிர்வெண்ணில் என்று கேளுங்கள்.

கேள்வி: விசிறிச் சத்தம், ஜெட் சத்தம் இரண்டும் ஒரே அளவு மறையுமா அண்ணா?

பதில்: மறையாது தம்பி. கணிப்பு சிக்கலாவதே இங்கேதான். விசிறிச் சத்தம் என்ஜினின் முன்வாய், பின்வாய் வழியாக வருகிறது. கிளம்பும் இடம் தெரியும். ஜெட் இரைச்சல் அப்படியில்லை. வெளியேறும் வேகக் காற்று சுற்றுக் காற்றோடு கலக்கும்போது அது உண்டாகிறது. பின்வாயின் விட்டத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்கு அந்தக் கலப்பு நீளும். இறக்கை பின்வாயோடு முடிந்துவிட்டால் ஜெட் இரைச்சலின் பெரும்பகுதிக்கு மறைப்பே கிடையாது. என்ஜினை முன்னே தள்ள வேண்டும். பின்வாயின் விளிம்பைப் பற்கள் போல வெட்டுவதும் கைகொடுக்கும். கலப்பு சீக்கிரம் நடப்பதால் இரைச்சல் பிறக்கும் இடம் முன்னே வரும்.

கேள்வி: எல்லாவற்றையும் கணினியிலேயே கணக்கிட முடியாதா?

பதில்: சாலையோரத் தடுப்புச் சுவருக்கு ஜப்பானிய ஒலியியல் ஆய்வாளர் மேகாவா 1968-ல் வெளியிட்ட வரைபடமே பெரும்பாலும் போதும். ஒலி சுவரைச் சுற்றி வர எவ்வளவு கூடுதல் தூரம் போகிறது, அது அலைநீளத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால் விடை வந்துவிடும். விமானத்தில் ஒலிமூலம் நீண்டு கிடக்கிறது, காற்றோட்டமும் ஒலியின் பாதையைத் திருப்புகிறது. முழு வடிவத்தையும் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடலாம். ஆனால் ஒவ்வோர் அலைநீளத்துக்கும் பல கட்டங்கள் தேவை என்பதால், அதிர்வெண் ஏற ஏறக் கணக்கு மலையாகிவிடும்.

அதனால்தான் நாசா லாங்லி மையம், உடலும் இறக்கையும் ஒன்றாகக் கலந்த விமானத்தின் 5.8 சதவீத மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தது. அளவு 17 மடங்கு சிறியதானால் அதிர்வெண்ணை 17 மடங்கு உயர்த்த வேண்டும். நிஜ விமானத்தின் 2,000 ஹெர்ட்ஸ் அங்கே சுமார் 34,000 ஹெர்ட்ஸ். மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலியை அளக்கத் தனி மைக்ரோபோன்கள் வேண்டும். கணினி முறைகளை இத்தகைய அளவீடுகளோடு ஒப்பிட்ட பிறகே நான் நம்புவேன்.

கேள்வி: இப்படி ஏதாவது விமானம் பறக்கிறதா?

பதில்: ஹோண்டாஜெட் என்ற சிறிய தனியார் ஜெட் விமானம் பறக்கிறது. 1971-ல் முதலில் பறந்த ஜெர்மனியின் விஎஃப்டபிள்யூ 614 என்ற பயணிகள் விமானத்துக்கும் என்ஜின்கள் இறக்கைக்கு மேலேதான். ஹோண்டாஜெட்டில் காற்றுத்தடையும் கேபின் இடமும் முக்கியக் காரணங்கள். 614-ல் கரடுமுரடான ஓடுபாதையின் கற்கள் என்ஜினுக்குள் போகாதிருக்க வேண்டும் என்பது. விமான நிலையத்தை ஒட்டி வாழ்பவர்களின் காதையும் அந்தக் காரணப் பட்டியலில் முதலிலேயே சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.