டோபமின்: இன்பமா, ஆசையா, கணக்கா?

"டோபமின் இன்ப ரசாயனம் இல்லை" என்று போன வாரம் ஒரு வரி எழுதினேன். டோபமின் என்பது மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம். என் வரிக்கு வந்த கேள்விகளில் சில இங்கே.

ப்ளஸ் டூ மாணவி: மேடம், எங்க பயாலஜி சார் 'சந்தோஷ ஹார்மோன்'னுதான் சொல்லிக்கொடுத்தார். யாரை நம்பறது?

உங்கள் சாரைக் குறை சொல்ல மாட்டேன். 1980களில் விஞ்ஞானிகளே அப்படித்தான் நம்பினார்கள். 1954ல் மாண்ட்ரியலில் ஓல்ட்ஸும் மில்னரும் எலியின் மூளைக்குள் மின்கம்பி வைத்து, நெம்புகோலை அழுத்தினால் மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலி விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது; அது இன்பத்துக்காகத்தான் என்று எண்ணினார்கள். பிறகு ராய் வைஸ், டோபமினைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் பசித்த எலிக்கும் உணவில் நாட்டம் வடிந்துபோவதைப் பார்த்தார். டோபமின் போனால் இன்பமும் போகிறது என்பது அவர் முடிவு.

அதை உடைத்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் பட்டால் கைக்குழந்தை சப்புக்கொட்டும், கசப்பு பட்டால் வாயைக் கோணும். எலியும் அப்படித்தான். 1989ல் பெரிட்ஜ் குழு, எலிகளின் மூளையில் டோபமினை ஏறக்குறைய முழுக்கவே அழித்துப் பார்த்தது. அப்படிப்பட்ட எலி, முன்னால் தீனி இருந்தாலும் பட்டினி கிடக்கும்; குழாய் வழியாகத்தான் ஊட்ட வேண்டும். ஆனால் நாக்கில் ஒரு சொட்டு இனிப்பு விட்டால், முன்பு போலவே சப்புக்கொட்டியது! ருசி அப்படியே இருக்கிறது, போனது வேண்டும் என்ற துடிப்பு மட்டும். வைஸே பிற்பாடு தன் பழைய கருத்தை விட்டுவிட்டார்.

சாஃப்ட்வேர்காரர்: மெஷின் லேர்னிங்ல வர்ற 'எதிர்பார்ப்புப் பிழை'யும் டோபமினும் ஒண்ணுதான்னு படிச்சேனே?

எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் எதிர்பார்ப்புப் பிழை; நீங்கள் மூளை ஆய்வாளர் ஷுல்ட்ஸைச் சொல்கிறீர்கள். பக்கத்து வீட்டிலிருந்து திடீரென்று ஒரு தட்டு அதிரசம் வருகிறது, உங்கள் டோபமின் நியூரான்கள் (டோபமினைச் சுரக்கும் நரம்பணுக்கள்) படபடவென்று மின்துடிப்புகளைச் சுடும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வரத் தொடங்கினால், அதிரசத்துக்குச் சுடாது, கேட் திறக்கும் சத்தத்துக்குச் சுடும். கேட் திறந்தும் தட்டு வரவில்லையென்றால், வழக்கமான துடிப்பும் அந்த நொடியில் அடங்கிவிடும். குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் பதிவு செய்தது இதைத்தான். கணினி விஞ்ஞானிகள் சட்டனும் பார்ட்டோவும் கணினிக்காக எழுதிய கற்றல் கணக்கோடு இது பொருந்துகிறது என்று டயான், மான்டேகு இருவரோடு சேர்ந்து 1997ல் எழுதினார். மூளை அறிவியலில் இவ்வளவு அழகாகப் பொருந்தும் கணக்கு அபூர்வம்.

அதே நபர்: அப்போ சண்டை முடிஞ்சுதே?

எங்கே முடிந்தது! 2013ல் பெரிட்ஜின் ஆய்வகம் ஒரு குறும்பு செய்தது. ஒரு நெம்புகோல் வெளியே நீண்டால், சாக்கடல் தண்ணீர் அளவுக்கு உப்புக் கரிக்கும் நீர் எலியின் வாயில் பாயும். நெம்புகோலைக் கண்டாலே எலி ஒதுங்கிப் போகும். பிறகு மருந்து கொடுத்து எலியின் உடலில் உப்பைக் குறைத்தார்கள். அடுத்த தடவை நெம்புகோல் நீண்டதும் எலி பாய்ந்து போய் அதைக் கடித்தது. அந்த உப்பு நல்லதென்று அது ஒருதரம்கூட ருசித்துக் கற்றதில்லை! அனுபவத்தில் சேர்த்த மதிப்பைத் திருத்திக்கொண்டே போகும் எளிய கணக்கு இங்கே உதவாது.

2022ல் கலிஃபோர்னியாவில் விஜய் நம்பூதிரி குழு வேறு பக்கத்திலிருந்து தாக்கியது. மூளை முன்னோக்கிக் கணிக்கவில்லை, பரிசு கிடைத்தபின் 'இதற்கு எது காரணம்?' என்று பின்னோக்கித் தேடுகிறது என்பது அவர்கள் வாதம். பழைய கணக்கை வைத்தே அந்த முடிவுகளை விளக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. ஜான் சாலமோன் என்ற ஆய்வாளரோ, டோபமின் குறைந்த எலி தடுப்பேறிப் போய் நிறைய தீனி எடுக்காமல் சும்மா கிடைக்கும் கொஞ்சத்தோடு நின்றுவிடுகிறது, எனவே இது உழைப்பு சம்பந்தப்பட்டது என்கிறார். என்னைக் கேட்டால், கற்றலுக்கு ஷுல்ட்ஸ், போதைப் பழக்கத்துக்கு பெரிட்ஜ். இது சமரசம் என்று என் மாணவர்கள் கிண்டல் செய்வார்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: அப்பாவுக்கு பார்க்கின்சன். பிரமிபெக்சோல் ஆரம்பிச்ச பிறகு லாட்டரிச் சீட்டா வாங்கித் தள்றார். வயசான காலத்துல புத்தி இப்படிப் போகுதேன்னு அம்மா அழறாங்க.

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள், இது மருந்தின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். பார்க்கின்சன் நோயில் மூளையில் டோபமின் குறைந்துபோகிறது; அதை ஈடுகட்ட டோபமினைப் போல் செயல்படும் இவ்வகை மருந்துகளால் சூதாட்டம், கட்டுக்கடங்காத செலவு, அளவில்லாத தீனி, காம வேகம் வருவது தெரிந்த விஷயம். 3,000க்கும் மேற்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், ஏழு பேரில் ஒருவருக்கு இப்படி ஏதாவது ஒன்று இருந்தது. பலர் வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்வதே இல்லை. நீங்கள் இந்த வாரமே நரம்பியல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பணத்தைக் கொஞ்ச நாள் அம்மா கையில் வையுங்கள்.

ஒரு தம்பி: ஃபோன் மாதிரி விஷயங்களைக் கொஞ்ச நாள் விட்டுட்டு டோபமினை வெளியேத்தறதா சொல்ற 'டோபமின் டீடாக்ஸ்' நிஜமா?

ஃபோனைத் தள்ளி வைப்பது நல்லதுதான். அதனால் டோபமின் 'வெளியேறாது', தம்பி. அது இல்லாமல் நீங்கள் எழுந்து நடக்கவே முடியாது.

இல்லத்தரசி: வாழைப்பழத்துல டோபமின் இருக்காமே?

இருக்கிறது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. பழத்தைப் பழமாகச் சாப்பிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: நம் நாட்டுப் பங்கு ஏதும் உண்டா, அம்மா?

உண்டு ஐயா, சர்ப்பகந்தி என்ற நம் மூலிகை. அதிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்தை 1950களில் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசைவற்று, காது தொங்கிக் கிடந்தன. செரடோனின் என்ற வேறொரு மூளை ரசாயனமாக மாறும் பொருளைக் கொடுத்துப் பார்த்தார், பலனில்லை. டோபமினாக மாறும் எல்-டோபாவைக் கொடுத்ததும் சற்று நேரத்தில் எழுந்து ஓடின. 1960ல் லண்டனில் ஒரு கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது, மருந்தியலின் பெரிய தலைகள் நம்பவில்லை. நோபல் பரிசு 2000ல் வந்தது.