ஜெஃபர்சன், மார்ஷலுக்கு என்ன முறை?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி ஜெஃபர்சனும் தலைமை நீதிபதி ஜான் மார்ஷலும் 'கசின்' என்று படித்தேன். அப்புறம் ஏன் அவ்வளவு பகை? சொத்துத் தகராறா?

- ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

சொத்துத் தகராறு இல்லை. முதலில் அந்த 'கசினை' விட்டுவிடுவோம், அதில் முறை தெரியாது. வர்ஜீனியாவின் வில்லியம் ராண்டால்ஃபுடைய மகன்களில் இருவர் ஐஷம், தாமஸ். ஐஷமின் மகள் ஜேன் பெற்ற பிள்ளை ஜெஃபர்சன். தாமஸின் மகள் மேரி, அவர் மகளும் மேரி, அந்த இரண்டாவது மேரியின் மூத்த மகன் மார்ஷல். நம் கணக்கில் ஜெஃபர்சன், மார்ஷலுக்குத் தாய்மாமன் முறை. வயதிலும் 12 ஆண்டு மூத்தவர்.

இன்னொரு முடிச்சும் உண்டு. 20 வயதில் ஜெஃபர்சன் ரெபெக்கா பர்வெல் என்ற பெண்ணை விரும்பினார். நடன விருந்தில் அவளிடம் மனதைச் சொல்லப் போய், நாக்குக் குழறித் திரும்பினார். அவள் வேறொருவரை மணந்தாள். பின்னாளில் அவள் மகள் பாலியைக் கட்டியவர் மார்ஷல். பகைக்கு இதுதான் காரணம் என்று சிலர் கதை கட்டுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

காரணம் 1777-78 குளிர்காலத்தில் இருக்கிறது. பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில், வேலி ஃபோர்ஜ் முகாமில் வாஷிங்டனின் படை பட்டினி கிடந்தது, பலருக்குக் காலில் செருப்பில்லை. சொந்தமாக வரி போட அதிகாரமில்லாத காங்கிரஸ், மாநிலங்களிடம் கையேந்தி நின்றது. 22 வயது அதிகாரியாக மார்ஷல் அதைக் கண்ணால் பார்த்தவர். மத்தியில் பலமான அரசு வேண்டும் என்பது அவருக்கு வயிற்றிலிருந்து வந்த பாடம். ஜெஃபர்சனோ மத்தியில் அதிகாரம் குவிந்தால் மன்னராட்சி மறுபடி முளைக்கும் என்று பயந்தார். இரண்டு பயமும் நியாயமானவைதான். என் மனம் மார்ஷல் பக்கம் சாய்கிறது.

தேர்தலில் ஜெஃபர்சனிடம் தோற்ற ஜனாதிபதி ஆடம்ஸ், பதவியை விட்டுப் போகும் முன் 1801 ஜனவரியில் மார்ஷலைத் தலைமை நீதிபதியாக்கினார். அதனால் மார்ச் 4 அன்று ஜெஃபர்சனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவரும் மார்ஷல்தான். அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லலாம் என மார்ஷல் தீர்ப்பளித்த 1803 மார்பரி வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

1807-இல் வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டுக்கு வாருங்கள். ஜெஃபர்சனின் முன்னாள் துணை ஜனாதிபதி ஆரன் பர் மீது தேசத்துரோக வழக்கு. அவர் குற்றவாளி என்று ஜெஃபர்சன் முன்கூட்டியே பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். விசாரணை நடந்த சட்டமன்றக் கட்டடம் ஜெஃபர்சன் வடிவமைத்தது. நீதிபதி, மார்ஷல். குற்றச்சாட்டைப் பதிவுசெய்த பெரிய ஜூரியின் தலைவர் ஜான் ராண்டால்ஃப். பர்ருக்காக வாதாடியவர்களில் ஒருவர் எட்மண்ட் ராண்டால்ஃப். எல்லாரும் அந்த வில்லியத்தின் வழிவந்தவர்கள். ஆவணங்களைக் கேட்டு ஜனாதிபதிக்கே சம்மன் போனது. மாமா வரவில்லை, காகிதங்களை மட்டும் அனுப்பச் சம்மதித்தார். துரோகச் செயலை இரண்டு சாட்சிகள் நேரில் கண்டிருக்க வேண்டும் என்ற அரசியல் சட்ட வரியை மார்ஷல் கறாராகப் பிடித்துக்கொண்டார். செப்டம்பர் 1 அன்று பர் விடுதலையானார்.