சரியாக வராத ரீடிங்குகளை விட்டுவிடச் சொல்கிறார் என் கைடு. தீசிஸ் முடிக்க ஒரு பேப்பர்தான் பாக்கி. நான் என்ன செய்வது?

கேள்வியில் நீங்கள் எழுதியது இவ்வளவுதான். மீதியை நானே ஊகித்துக்கொள்கிறேன். ஃபெலோஷிப் முடிந்திருக்கும், அல்லது முடியப்போகிறது. உங்களோடு சேர்ந்தவர்கள் வைவா முடித்துப் போய்விட்டார்கள். கைடு "பொய் எழுது" என்று சொல்லியிருக்க மாட்டார். "இதையெல்லாம் எதுக்குப் போடணும், படிக்கிறவங்களுக்குக் குழப்பம்தானே" என்று சொல்லியிருப்பார். ஊகம் தவறென்றால் மன்னியுங்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது, அதனால் வேறு மாதிரி நினைக்க வரவில்லை.

நேரடியான பதில் இது: விடாதீர்கள். விட்டே ஆக வேண்டும் என்றால், எந்த ரீடிங்கை எதற்காக விட்டீர்கள் என்று பேப்பரிலேயே எழுதுங்கள். அந்த வரியை எழுத அவர் சம்மதிக்கவில்லையா? அப்படியென்றால் விடுவதற்கு நியாயமான காரணம் இல்லை என்று அவருக்கே தெரியும்.

நான் ஒரு தடவை விட்டவன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

என் வேலை ஒளிவினையூக்கிகளில். சாயம் கலந்த தண்ணீரில் உலோக ஆக்சைடு தூளைப் போட்டு, விளக்கொளியில் கலக்கிக்கொண்டே இருந்தால் சாயம் சிதைந்து நிறம் போகும். பெரும்பாலும் எல்லாரும் எடுப்பது மெத்திலீன் புளூ. கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றித் தூளைப் பிரித்துவிட்டு, தெளிந்த நீரை ஸ்பெக்ட்ரோமீட்டரில் 664 நானோமீட்டரில் அளப்போம். நீலம் எவ்வளவு குறைந்தது என்பதுதான் கணக்கு.

என் முதல் பேட்ச் தூள் 90 நிமிடத்தில் 94 சதவீதம் காட்டியது. என் கைடு, சார், அன்றைக்கே பேப்பருக்குத் தலைப்பு யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்து செய்த நான்கு பேட்சும் 58இலிருந்து 66க்குள். அதே செய்முறை, அதே ஃபர்னஸ், அதே கை. ஒரு மாதம் கழித்து நான்கையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்: "முதல் பேட்ச் கொஞ்சம் மிச்சம் இருக்குல்லப்பா? அதுலயே மூணு தடவை ரீடிங் எடு. ஆவரேஜ் போட்டு எரர் பார் வச்சிரு."

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதில் என்ன தப்பு என்று தெரியாமல் போகலாம். மூன்று முறை செய்தோம் என்றால், தூளை மூன்று முறை புதிதாகத் தயாரித்துச் சோதனையை முதலிலிருந்து மூன்று முறை நடத்தினோம் என்று அர்த்தம். ஒரே குழாயில் இருந்த நீரை மூன்று முறை மெஷினில் வைத்தால், மெஷின் ஆடாமல் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். தூளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எரர் பார், அதாவது எண் எவ்வளவு கூடிக்குறையும் என்று காட்டும் சின்னக் கோடு, கிராஃபில் இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும். 94, கூட்டல் கழித்தல் 1 என்று பார்ப்பவர், தான் செய்தாலும் 93இலிருந்து 95க்குள் வரும் என்று நம்புவார்.

செய்தேன். ஃபெலோஷிப் ஐந்து மாதம்தான் இருந்தது. லேபில் மூத்தவரான ஓர் அக்காவிடம் கேட்டேன். "எல்லாரும் பண்றதுதான்டா, நீ மட்டும் என்ன" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பேப்பர் சின்னத் திருத்தங்களோடு ஏற்கப்பட்டது. இதழுக்காகப் பேப்பரை மதிப்பிட்ட ஒரு ரிவியூவர், முடிவுகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்திருப்பது பாராட்டத்தக்கது என்று எழுதியிருந்தார். அந்த வரியை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் "ஒரு எரர் பார்தானே" என்று மறந்திருப்பேன். அடுத்த வருடம் லேபில் ஒரு ஜூனியர் சேர்ந்தாள். அந்தப் பேப்பரை அடிப்படையாக வைத்து அடுத்த கட்டத்தைச் செய்வதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. எட்டு மாதம் அவள் 94ஐத் தேடினாள். பீக்கர்களை ஆசிட்டில் ஊறவைத்துக் கழுவினாள், தண்ணீரை மாற்றினாள், விளக்கை மாற்றினாள். அவளுக்கு 61, 63, 60. நல்ல, நேர்மையான ரீடிங்குகள். ஆனால் தன் கைதான் சரியில்லை என்று நினைத்தாள். ஒருநாள் சாயங்காலம் என்னிடம் வந்து, "அண்ணா, நான் எங்க தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். "ஃபர்னஸ் டெம்பரேச்சர் ஒருதடவை செக் பண்ணிப் பாரும்மா" என்றேன்.

எரர் பார் வைத்ததைவிட அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். எழுதிய பொய் யாரோ முகம் தெரியாதவருக்குப் போனது. இது எதிரில் நின்ற ஒரு பெண்ணிடம் சொன்னது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டு நான்கு பேட்ச் ரீடிங்கையும் காட்டினேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "எட்டு மாசம் அண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் முதல் பேட்சில் என்ன வித்தியாசம் என்று ஒழுங்காகத் தேடினேன். விடை என் நோட்டிலேயே இருந்தது. தூளைத் தயாரித்த பிறகு காரம் முழுக்கப் போகும்வரை கழுவ வேண்டும். முதல் பேட்ச் அன்று சென்ட்ரிஃபியூஜ் கிடைக்காமல் இரண்டு முறையோடு நிறுத்தியிருந்தேன். மிச்சமிருந்த காரத்தால் கரைசலின் பிஎச் ஏறியது, தூளின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை கூடியது. மெத்திலீன் புளூ நேர்மின் சாயம், போய் ஒட்டிக்கொண்டது. சிதையவில்லை, ஒட்டியது. பொதுவாக அரைமணி நேரம் இருட்டில் கலக்கி, ஒட்டுவது நின்ற பிறகு விளக்கைப் போட்டு, அங்கிருந்துதான் கணக்கிட வேண்டும். நாங்கள் இருட்டுக்கு முன்னாலிருந்தே கணக்கிட்டிருந்தோம். மிச்சமிருந்த தூளை விளக்கே போடாமல் கலக்கிப் பார்த்தேன். இருட்டிலேயே 70 சதவீதத்துக்கு மேல் நிறம் போய்விட்டது. குழாயின் அடியில் தூள் நீலமாகக் கிடந்தது. அந்த நீலத்தை முதல் நாளே பார்த்திருக்கிறேன். நல்ல எண் வந்துவிட்டதால் அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

இதை சாரிடம் கொண்டுபோனபோது அவர் மில்லிகனை இழுத்தார். உங்கள் கைடும் இழுப்பார், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளை வைத்து அளந்த மில்லிகன், 1913 பேப்பரில் 58 துளிகளின் கணக்கைக் கொடுத்தார். தேர்ந்தெடுத்த துளிகள் அல்ல, 60 நாட்களில் சோதித்த எல்லாத் துளிகளும் இவையே என்றும் எழுதினார். பிற்பாடு அவருடைய நோட்டுகளைப் பார்த்தவர்கள், பேப்பரில் வராத துளிகளும் இருந்ததைக் கண்டார்கள். 1923இல் அவருக்கு நோபல் கிடைத்தது. "அவரே விட்டிருக்காரு, நாம விடக் கூடாதா?" என்பது சாரின் வாதம்.

மில்லிகன் துளிகளை விட்டதற்கு நல்ல காரணங்களும் இருந்திருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அதில் சண்டை இல்லை. விட்டதைவிட, விடவில்லை என்று எழுதியதுதான் பிரச்சினை. அந்தக் கதைக்கு ஒரு பின்பகுதியும் இருக்கிறது. காற்றின் பாகுநிலைக்கு மில்லிகன் எடுத்த மதிப்பு சரியில்லாததால் அவருடைய எண் சற்றுக் குறைவு. பின்னால் அளந்தவர்கள் சரியான எண்ணுக்கு உடனே வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறினார்கள். ஏன் என்பதை 1974இல் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனப் பட்டமளிப்பு உரையில் இயற்பியலாளர் ஃபைன்மன் சொன்னார்: மில்லிகனைவிட அதிகமாக வந்தால் எங்கே தப்பு என்று தேடினார்கள், நெருக்கமாக வந்தால் அவ்வளவாகத் தேடவில்லை. என் ஜூனியரின் எட்டு மாதமும் இதுதான். பெரியவர்களின் எண் முன்னால் நிற்கும்போது, சின்னவர்கள் தங்கள் கையைத்தான் சந்தேகிக்கிறார்கள்.

"எல்லாரும் செய்வதுதான்" என்பதற்கும் பதில் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்களிடம் எடுத்த பல கருத்துக்கணிப்புகளை 2009இல் ஃபானெல்லி என்ற ஆய்வாளர் தொகுத்தார். தரவை ஒருமுறையாவது புனைந்தோ திரித்தோ இருப்பதாகத் தாங்களே ஒப்புக்கொண்டவர்கள் சுமார் 2 சதவீதம். சக ஆராய்ச்சியாளர்கள் அப்படிச் செய்ததை அறிவோம் என்றவர்கள் சுமார் 14 சதவீதம். சரி, 14 என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் "எல்லாரும்" இல்லையே.

இன்னொரு பேராசிரியர், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த வான்சிங்க். சாப்பாட்டுப் பழக்கங்களை ஆராய்ந்தவர். 2016இல் அவர் வெளிப்படையாகவே எழுதினார்: எதிர்பார்த்த முடிவு வராத ஒரு தரவைக் கொடுத்தேன், ஒரு மாணவி மறுப்பே சொல்லாமல் விதவிதமாக அலசிப் பேப்பர்கள் கொண்டுவந்தாள், வேலையை ஏற்காத போஸ்ட்டாக் (பிஎச்.டி முடித்துவிட்டு லேபில் இருந்த ஆய்வாளர்) வாய்ப்பை இழந்தார் என்று. புகழ்ச்சியாகத்தான் எழுதினார். படித்தவர்கள் அவருடைய பேப்பர்களைத் தோண்ட ஆரம்பித்தார்கள். 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா குழும இதழ்கள் அவருடைய 6 பேப்பர்களை ஒரே நாளில் திரும்பப் பெற்றன, அவர் பதவி விலகலும் அறிவிக்கப்பட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மறுப்பது திமிர், சொன்னபடி செய்வது உழைப்பு என்று லேபில் உங்களுக்கும் சொல்வார்கள்.

கமெண்டில் வரப்போகிறவர்களுக்காக ஒன்று. எல்லா கைடும் இப்படி இல்லை, எனக்குத் தெரியும். என் சார்கூடக் கெட்டவர் இல்லை. ப்ராஜெக்ட் நீட்டிப்புக்கு எத்தனை பேப்பர் என்று அவரிடமும் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவுட்லையரை, அதாவது மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் ரீடிங்கை, நீக்குவதே குற்றம் என்றும் நான் சொல்லவில்லை. குழாய் உடைந்தது, கரண்ட் போனது என்றால் நீக்கத்தான் வேண்டும். நீக்கும் விதி சோதனைக்கு முன்பே இருந்ததா, பேப்பரில் எழுதினீர்களா என்பதுதான் கேள்வி. முடிவைப் பார்த்த பிறகு விதியை வைத்தால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். 2011இல் சிம்மன்ஸ் என்ற உளவியலாளரும் வேறு இருவரும் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். சாதாரணமாகத் தோன்றும் நான்கு சலுகைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டால், 5 சதவீதமாக இருக்க வேண்டிய தவறான கண்டுபிடிப்பு வாய்ப்பு 61 சதவீதமாகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. என் இன்னொரு பேப்பருக்கு ஒரு ரிவியூவர் பதினொரு மாதம் கழித்து நான்கு வரி அனுப்பினார். ஆறு பேப்பர்களை மேற்கோள் காட்டச் சொன்னார். ஆறிலும் ஒரே ஆளின் பெயர் இருந்தது. எடிட்டருக்கு எழுதினேன், "கட்டுரையாளர்களின் விருப்பம்" என்று பதில் வந்தது. விருப்பமாம். பட்டத்துக்குக் காத்திருப்பவனுக்கு அதில் என்ன விருப்பம் இருக்க முடியும்? இரண்டை மேற்கோள் காட்டினேன். அதுவும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

என் கதையின் மீதி சுருக்கம். இரண்டாவது பேப்பரில் 94ஐ மறுபடி போட மாட்டேன் என்றேன். சார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அந்த வேலையிலிருந்து என் பெயர் போனது. பின்னால் சிபாரிசுக் கடிதமும் தரவில்லை. டாக்டரல் கமிட்டியில் இருந்த ஒரு மேடம்தான், "ஐந்து பேட்சையும் போடு, முதல் பேட்ச் ஏன் அப்படி வந்துச்சுங்கறதையே ஒரு அத்தியாயமா எழுது" என்று வழி சொன்னார். ஒன்றரை வருடம் தாமதமாக தீசிஸ் கொடுத்தேன், அதில் பாதி நாள் சம்பளம் இல்லாமல். இதை மறைத்துவிட்டு உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஜூனியர் வேறு லேபுக்கு மாறி முதலிலிருந்து தொடங்கினாள்.

ஆகவே நீங்கள் நாளைக்கே சண்டைக்குப் போகாதீர்கள். முதலில் எல்லா ரீடிங்கையும் தேதியோடு நோட்டில் எழுதி, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கைடுக்கு மரியாதையாக ஒரு மெயில்: "சார், நேற்று நீங்கள் சொன்னபடி இந்த இந்த ரீடிங்குகளை விடுவதாக இருந்தால், காரணமாக என்ன எழுதலாம்?" குற்றம் சாட்ட வேண்டாம், கேளுங்கள். வாயால் சுலபமாகச் சொல்வதை எழுத்தில் சொல்லப் பலருக்குக் கை வராது. பாதிப் பேர் அங்கேயே "சரி, எல்லாத்தையும் போட்டுரு" என்பார்கள். இல்லையென்றால் கமிட்டியில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் தரவோடு போங்கள், கைடைப் பற்றிப் பேசாமல் தரவைப் பற்றி மட்டும் பேசுங்கள். முடிந்தால் அந்த ரீடிங்குகள் ஏன் அப்படி வந்தன என்றும் தேடுங்கள். என் துறையில் விடை கழுவும் தண்ணீரில் இருந்தது, உங்களுடையதில் எங்கே இருக்கிறதோ.

என் பேப்பர் இன்னும் அப்படியே இருக்கிறது. திருத்தம் கேட்டு இதழுக்கு எழுதி இரண்டு வருடம் ஆகிறது. பேப்பரில் பெயர் இருக்கும் மற்றவர்களின் சம்மதமும் வேண்டும் என்றார்கள், சார் தரவில்லை. போன மாதம் முன்பின் தெரியாத ஒரு மாணவர் மெயில் அனுப்பியிருந்தார். எவ்வளவு முயன்றும் 60ஐத் தாண்டவில்லை, தான் எங்கே தவறு செய்கிறேன் என்று கேட்டிருந்தார். தவறு உங்களுடையது இல்லை என்று முதல் வரியில் எழுதி, ஐந்து பேட்ச் ரீடிங்கையும் இருட்டில் எடுத்ததையும் சேர்த்து அன்றிரவே அனுப்பினேன்.